பத்துக் குட்டிகளுக்குக் கட்டிய பட்டி

ஒரே ஒரு கத்தரி இலையைக் கடித்ததற்காகச் செம்பி என்ற ஆட்டுக்குட்டியைப் பிடித்து, பயிர் மேய்ந்த குட்டிகளை அடைக்கும் பட்டியில் போட்டார்கள். பத்துக் குட்டிகளுக்குக் கட்டிய பட்டியில் நாற்பது நின்றன. ஒன்று தும்மினால் நாற்பதும் குலுங்கின.

"நீ என்ன பண்ணிட்டு வந்தே?" என்றது பக்கத்துக் குட்டி.

"ஒரு இலை."

"அவ்வளவுதானா? கவலைப்படாதே, வேலி தாண்ட நான் கத்துத் தர்றேன். இங்கே குதிக்கத்தான் இடமில்லை."

செம்பிக்கு எந்த வேலியையும் தாண்ட வேண்டாம். பால் குடிக்கிற நேரத்துக்கு அம்மாவிடம் போனால் போதும்.

அப்போது காவல் நாய் வந்தது. "வெளியே இன்னும் வரிசை நிக்குது. திருந்தினவங்க முன்னங்காலைத் தூக்குங்க, வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"நான் திருந்திட்டேன், ஏட்டய்யா!" என்று செம்பிதான் முதலில் தூக்கியது. அடுத்த நொடியே நாற்பதும், "நானும், நானும்!" என்று பின்னங்காலில் எழுந்து நின்றன.

நாய் வாயைப் பிளந்தது. எல்லாம் நிமிர்ந்து நின்றதில் பட்டியில் பாதி இடம் காலியாகக் கிடந்தது.

"அடேய், இவ்வளவு இடத்தை வச்சுக்கிட்டா நெருக்குதுன்னு கத்தினீங்க?" என்று வாலை ஆட்டியபடி வாசலுக்கு ஓடியது. "இன்னும் நாற்பதை உள்ளே விடுங்க!"

விட்டார்கள். அதன்பிறகு முன்னங்காலைக் கீழே வைக்க இடமில்லாததால், செம்பி முதல் எல்லாக் குட்டிகளும் திருந்தியபடியே நின்றன.