கைப்பிடி அரிசி

புது வீட்டு ஜெபத்துக்கு ஆயரை அழைக்கக் கிளாடிஸ் பீளமேட்டுக்குப் போனபோது, அவரும் மனைவி டெய்சியும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கக்கா. ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டுப் போங்க" என்று டெய்சி தட்டு வைத்தாள்.

முதல் கவளத்திலேயே மக்கிய வாடை அடித்தது.

"ஏனுங்கம்மா, ஆயர் ஊட்ல ரேஷன் அரிசியா? எங்கூட்ல இதை மாட்டுக்குத்தான் வெப்போம்" என்று சிரித்தாள் கிளாடிஸ்.

"சபைக்கு வந்த கைப்பிடி அரிசிதானுங்கக்கா."

சபைப் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது கர்த்தருக்கென்று ஒரு பிடி எடுத்துவைத்து, மாதக் கடைசியில் ஆலயத்தில் கொடுக்கும் அரிசி அது.

"அது ஏழைகளுக்குப் போறதாச்சுங்களே?" கிளாடிஸின் குரல் கொஞ்சம் ஏறியது.

"நல்லதெல்லாம் அவங்களுக்குத்தானுங்க போகுது. வண்டு விழுந்து வந்தா மட்டும் நாங்க பொங்கிக்குவோம். கர்த்தர் பேரைச் சொல்லி அதை எப்படீங்க இன்னொருத்தருக்குக் குடுக்கறது?"

"அப்படியும் குடுக்கறாங்களா? யாருங்க அது?"

"பேரெல்லாம் பாக்கறதில்லீங்கக்கா" என்றபடி டெய்சி எழுந்துபோய், சமையல் மேடையில் கிடந்த காலித் துணிப்பையை எழுத்து உள்ளே போகும்படி மடித்தாள்.

அதற்குள் கிளாடிஸ் பார்த்துவிட்டாள். அவள் மகன் ஜெஃபின் கல்யாணத்துக்கு அச்சடித்த பை. வீட்டில் பொன்னி அரிசி பொங்கிக்கொண்டு, டப்பாவில் கிடந்த ரேஷன் அரிசியைப் போன ஞாயிறு அதில்தான் கொட்டிக் கொடுத்திருந்தாள்.

ரசம் ஊற்ற வந்த டெய்சி, "பிடிக்கலீன்னா வெச்சிருங்கக்கா" என்றாள்.

கிளாடிஸ் தலை நிமிரவில்லை. தட்டை மட்டும் நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்கம்மா."