வில்பிரட் சாரின் இங்கிலீஷ்

"யூ சைன் ஹியர், மேடம்."

தலைமை கிளார்க் வில்பிரட் ஃபைலை மேசையில் வைத்துவிட்டு, சன்னல் வழியே துறைமுகக் கிரேன்களைப் பார்த்தபடி நின்றார்.

"வெச்சிட்டுப் போங்க அண்ணாச்சி. படிச்சிட்டுப் போடுதேன்" என்றாள் மேனேஜர் விஜிலா.

"யூ டேக் யுவர் டைம்."

அந்தக் கப்பல் ஏஜென்சிக்கு அவள் மேனேஜராக வந்து ஐந்து மாதமாகிறது. அவர் இங்கிலீஷில் சொல்வார், அவள் தமிழில் பதில் சொல்வாள். மேடத்துக்கு இங்கிலீஷ் வராது என்று ஆபீஸே முடிவு கட்டியிருந்தது.

வெளியே வந்த வில்பிரட், மாரிராஜின் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னலே இது, 'கேப்டன் டோல்ட் ஐ'? ஐ டோல்ட் ஹிம், ஹி டோல்ட் மீ. சொல்லுதவன் முன்னால நின்னா ஐ, கேட்டுக்கிடுதவன் பின்னால நின்னா மீ. ஒனக்கெல்லாம் எவன்லே டிகிரி குடுத்தான்?"

மாரிராஜ் அசடு வழிந்தான். "மேடமே தமிழ்லதான பேசுதாங்க சார்."

"அவளுக்கு எங்கன வரும்?" வில்பிரட் குரலைத் தாழ்த்தினார். "அவ அம்மை பிளாரன்ஸ், திரேஸ்புரத்துலேருந்து கூடை தூக்கிட்டு வந்து மில்லர்புரத்துல எங்க வீட்டு வாசல்ல மீன் வித்தவ. இவ பின்னாலயே மூக்கொழுக வருவா. இன்னைக்கு மேனேஜராம்."

அதற்குள் அவர் மேசையில் போன் அடித்தது. கஸ்டம்ஸ் அதிகாரி. எதிரில் ஆள் இருப்பதுபோல வில்பிரட்டின் முதுகு தானாக வளைந்தது.

"ஐயா, வணக்கம்யா. நீங்க எதுக்குய்யா சிரமப்படணும்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நானே நேர்ல வாரேன்."

அந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். இளைய மகன் இன்னும் படிப்பை முடிக்கவில்லை. ஒரு வருடம் நீட்டிப்பு கேட்டுச் சென்னை ஆபீசுக்கு மனு அனுப்பியிருந்தார். மேனேஜர் சிபாரிசு செய்தால்தான் கிடைக்கும். அவளிடம் கேட்பதை இத்தனை நாள் தள்ளிப்போட்டவர், வேறு வழியில்லாமல் மத்தியானம் அவள் அறைக்குள் போனார். கதவைச் சாத்த மறந்துவிட்டார்.

"மேடம், யூ மஸ்ட் ரெக்கமண்ட் மீ. ஒன்லி யூ கேன் ஹெல்ப் மீ."

விஜிலா பேனாவைக் கீழே வைத்தாள். "தமிழ்ல கேளுங்க அண்ணாச்சி."

"ஒய் மேடம்? இன் இங்கிலீஷ்..."

"கஸ்டம்ஸ் ஆபீசர்கிட்ட தமிழு. மாரிராஜ்கிட்ட தமிழு. வாசல் வாட்ச்மேன்கிட்டயும் தமிழு. என்கிட்ட மட்டும் அஞ்சு மாசமா இங்கிலீஷு." அவள் குரல் உயரவில்லை. "இங்கிலீஷ்ல 'நீ'ன்னாலும் யூதான், 'நீங்க'ன்னாலும் யூதான். மீன்காரி மவளை நீங்கன்னு கூப்பிட ஒங்களுக்கு நாக்கு வரலை. மேனேஜரை நீன்னு கூப்பிடத் தைரியமும் இல்லை. அதான யூ?"

வெளியே கீபோர்டு சத்தம் நின்றுபோயிருந்தது. வில்பிரட்டின் காது மடல்கள் சிவந்தன.

"நீ..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க... நீங்க எனக்காக ரெண்டு வரி எழுதணும் மேடம்."

விஜிலா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். அவருக்கு ஒரு வருட நீட்டிப்பு தந்து சென்னையிலிருந்து வந்த உத்தரவு.

"போன மாசமே எழுதி அனுப்பிட்டேன். காலைலதான் வந்துச்சு. ஒங்க வேலையில குறை சொல்ல ஒண்ணுமில்லை."

வில்பிரட் இரண்டு கைகளாலும் அதை வாங்கினார். முதுகு வளைந்தது. இப்போது நாக்கு தடுக்கவே இல்லை.

"நீங்க செஞ்ச இந்த உதவிய நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன் மேடம். நீங்க நல்லாருக்கணும். நீங்க..."

விஜிலா அதற்குள் அடுத்த ஃபைலைப் பிரித்திருந்தாள். தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்.

"யூ மே கோ."