அஞ்சலிக்கு வந்த பதில்

கலைச்செல்வனுக்கு ராஜவேல் அஞ்சலி எழுதி இருபது நாள் ஆகிறது. இன்று காலை ஏழே காலுக்கு அதே கலைச்செல்வனின் கணக்கிலிருந்து அவருக்கு ஒரு மெசேஜ் வந்திருந்தது. ‘சாப்டியா தம்பி?’

ராஜவேல் மூன்றாவது இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“ஏங்க, சட்னி சரியில்லையா?” என்றாள் மனைவி சண்முகப்பிரியா. அவர் போனை நீட்டினார்.

“இவரு பூலாம்பாடிக்காரருதான? செத்துட்டாருன்னு பக்கம் பக்கமா எழுதுனீங்களே.”

“ஆமா.”

“பதில் போடலன்னா மரியாதையா இருக்காதுங்க.”

“செத்தவருக்கு என்னன்னு பதில் போடுறது?”

“சாப்பிட்டேன்னு போடுங்க.”

பூலாம்பாடியில் கலைச்செல்வன் வீட்டில் நாலாயிரம் புத்தகம். ஞாயிறுதோறும் ஓர் அலமாரியைப் படமெடுத்து ஃபேஸ்புக் வாசகர் குழுவில் போடுவார். யார் ஆசைப்பட்டாலும் ‘வந்து எடுத்துட்டுப் போ தம்பி’ என்பார். மாரடைப்பில் அவர் போய்விட்டதாக மனைவி கவிதா அவர் கணக்கிலேயே எழுதியபோது இருநூற்றுப் பதினான்கு பேர் அழும் முகத்தை அழுத்தினார்கள். அரியலூரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் ராஜவேல் நேரில் போகவில்லை. புத்தகம் எடுக்கப் போனபோது அது தூரமாகத் தெரியவில்லை.

ஆனால் அவர் வெறும் முகத்தோடு நிறுத்தவில்லை. பதினோரு பத்தி எழுதினார். கொள்ளிடக்கரைக் கோயில்களைப் பற்றிக் கலைச்செல்வன் படிக்கத் தந்த புத்தகம் இன்று எங்கும் கிடைக்காது என்றும், அவர் நினைவாக அதைத் தன் உயிர் உள்ளவரை வைத்திருப்பதாகவும் முடித்திருந்தார்.

போன் மறுபடி அதிர்ந்தது. ‘உயிர் உள்ளவரை வச்சிருப்பேன்னு எழுதியிருந்த. படிச்சேன். அது எத்தனை நாளைக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?’

ராஜவேல் தட்டைத் தள்ளிவைத்தார். ஜெயங்கொண்டத்துக் கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டார். பேயே கிடையாது என்று குழுவில் வாரம் ஒரு கட்டுரை எழுதுகிறவர் அவர்.

“எனக்கு முந்தாநாளே வந்துட்டு” என்றார் கொளஞ்சியப்பன், மெதுவாக.

“என்ன பண்ணுனீங்க?”

“பஸ் புடிச்சுப் போயி அவரு வாசப்படியில வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம ஓடியாந்துட்டேன். ஏழு புத்தகம்.”

“நீங்கதான் பேயே இல்லம்பீங்களே?”

“இல்லதான். அதுக்குன்னு வூட்டுக்கு வரட்டுமான்னு கேட்டா என்னய்யா பண்றது?”

அவர் போனை வைத்ததும் அதுவும் வந்துவிட்டது. ‘சாயந்தரத்துக்குள்ள நீ வரியா, நான் வரட்டுமா?’

“வூட்டுக்கெல்லாம் வரச் சொல்லிப்புடாதீங்க, பாப்பா பயந்துக்கும்” என்ற சண்முகப்பிரியா, புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தாள். அதோடு சேர்த்துப் புருஷனையும் வெளியே அனுப்பினாள். ‘வரேன்ணே’ என்ற நாலு எழுத்தை அடிக்க ராஜவேலுக்கு மூன்று நிமிஷம் ஆனது.

பெரம்பலூரில் பஸ் மாறி உட்கார்ந்தபோது இன்னொன்று வந்தது. ‘வெயில் பக்கம் உக்காராத தம்பி. அட்டை வெளுத்துரும்.’

ராஜவேல் உட்கார்ந்திருந்தது வெயில் பக்கம்தான். பஸ்ஸில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். பிறகு பூலாம்பாடி வரை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபடியே வந்தார். கண்டக்டர் சொல்லியும் உட்காரவில்லை.

கதவைத் திறந்தது கவிதா. கூடத்தில் நாலு சுவரிலும் புத்தகம். மேஜைமேல் திரும்பி வந்தவை ஒரு குவியலாகக் கிடந்தன. அலமாரிக்கு மேலே கலைச்செல்வனின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. மாலை இல்லை, விளக்கும் இல்லை. முற்போக்கான குடும்பம் என்று ராஜவேல் நினைத்துக்கொண்டார்.

“அக்கா, அண்ணன் கணக்குலேர்ந்து...” என்று போனைக் காட்டினார்.

“நான்தான் தம்பி அனுப்பினேன்.”

ராஜவேல் பொத்தென்று உட்கார்ந்தார். நாற்காலி பக்கத்தில் இருந்தது நல்லதாயிற்று. “ஏங்க்கா, ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. இப்படியா பண்றது?”

“எட்டு வருஷமா நல்லபடியா கேட்டாச்சு, ஒருத்தரும் குடுக்கல. செத்துட்டுக் கேட்டா மூணே நாள்ல முப்பத்தாறு வந்துருச்சு. உங்களோடது முப்பத்தேழு. குடுங்க.”

அனுப்பியது மனுஷிதான் என்றானதும் ராஜவேலுக்கு மூச்சு சீரானது. தண்ணீர் வாங்கிக் குடித்தார். அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். மெதுவாகத் தைரியம் வந்தது, அதன் பின்னாலேயே இலக்கிய ஆர்வமும் வந்தது.

“அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதீங்க. அண்ணனே இல்ல. இத்தன புத்தகத்த வச்சிக்கிட்டு நீங்க ஒண்டியா என்ன பண்ணப் போறீங்க? கரையான்தான் திங்கும்.”

“அதுக்கு?”

“இது எங்கிட்டயே இருக்கட்டும். அண்ணன் நினைவா.” மஞ்சள் பையிலிருந்து பாதி வெளியே வந்திருந்த புத்தகம் மறுபடி உள்ளே போனது. “அண்ணன் இருந்தா, வச்சிக்க தம்பின்னுதான் சொல்லியிருப்பாரு.”

கவிதா உள் அறைக் கதவைப் பார்த்தாள். அங்கிருந்து ஓர் இருமல் கேட்டது. எட்டு வருஷமாகப் போனில் கேட்டுப் பழகிய இருமல்.

“பேச்சுக் குடுக்காத கவிதா, மொதல்ல அந்தப் பைய புடுங்கு.”