கோணல் குஞ்சுகள்

முதல் வேலையாக, முஅல்லிம் தசூக்கி பழைய துண்டு ஒன்றை எடுத்து மீன்தொட்டியின் மேல் தொங்கவிட்டார். குஞ்சுகளைப் பெற்ற மீன் ஜோடி பார்த்துவிடக் கூடாதாம்.

கடை முதலாளியை இங்கே முஅல்லிம் என்போம்; அவருடைய இறைச்சிக் கடையில் அதுதான் முறை. ஒரு கன்றை அறுப்பதை இன்னொரு கன்று பார்க்கக் கூடாது. கத்தியைக்கூட அதன் கண்ணில் காட்டக் கூடாது. ஏஞ்சல் மீனுக்கும் அந்த மரியாதை உண்டா என்று அலெக்ஸாந்திரியாவில் வேறு எந்தக் கசாப்புக்காரரைக் கேட்டாலும் சிரித்துவிடுவார்.

துண்டுக்கு இந்தப் பக்கம், தேநீர் கிளாஸில் ஏழெட்டுக் குஞ்சுகள். பருப்பளவுதான் இருக்கும்.

ஒன்றுக்கு முதுகு கொக்கியாக வளைந்திருந்தது. ஒன்றுக்குச் செவுள் மூடவே இல்லை. மற்றவை மேலே எழும்பத் தெரியாமல் அடியிலேயே வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கிடந்தன. தீனி அவற்றுக்கு எட்டாது. கூடப்பிறந்த நல்ல குஞ்சுகள் வந்து வந்து கடித்துவிட்டுப் போகும்.

சந்தையில் மீன் விற்பவர்கள் இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பெரிய மீன் இருக்கும் தொட்டியில் கொட்டிவிடுவார்கள், முடிந்தது. முஅல்லிமுக்கு அது ஆகாது. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விட்டால் தூங்கிக்கொண்டே போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காக அவர் வீடு வீடாக எண்ணெய் கேட்டு அலைந்ததில், பாவம், மனுஷனுக்கு வாய் முழுக்கச் சொத்தைப் பல் என்று கட்டடமே பரிதாபப்பட்டது. அங்கே குடியிருக்கும் நாங்களும் நம்பினோம்.

இப்போது புட்டி கையில் இருந்தது. கை ஆடியது.

திமிறும் எருதை ஒற்றை ஆளாகக் கவிழ்க்கிற கை அது.

உள்ளே அவர் மனைவி ராவியாவுக்கு ஏழு மாதம். மூன்றாவது தடவை. முந்தைய இரண்டும் தங்கவில்லை. இந்த விவரமெல்லாம் புருஷன் பெண்டாட்டியைவிட மேல்மாடி உம்மு வலீதுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். எண்ணெய் எதற்கு என்று எப்படியோ மோப்பம் பிடித்து, சில நாளுக்கு முன் அவள்தான் படிக்கட்டில் அவரை மறித்தாள்.

"கடையில அறுக்கிறது உன் பொழப்பு. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா வயித்துல ஒண்ணு வளர்ற வீட்ல உக்காந்துக்கிட்டு, இது கோணல், அது கோணல்னு பொறுக்கிப் பொறுக்கிக் கொல்லப் போறியே, மேல இருக்கிறவன் சும்மா இருப்பானா?"

நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அவள் எதையும் நல்லெண்ணத்தில்தான் சொல்வாள்.

அன்றிலிருந்து அவர் தள்ளிப்போட்டார். தள்ளிப்போடப் போட, அடியில் கிடந்தவை இன்னும் மெலிந்தன. கடியும் கூடியது. அவை வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கடைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை குனிந்து பார்ப்பார். செய்தாலும் பாவம், விட்டாலும் பாவம். அவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பால்கனியில் நிற்பார்.

இன்றைக்கு முடித்துவிடுவது என்று, ராவியா மத்தியானம் படுக்கப் போகும் நேரம் பார்த்து வந்திருந்தார்.

அறுக்குமுன் சொல்கிற பிஸ்மில்லாவைச் சொன்னார். மீனுக்கு அது வேண்டியதில்லை என்பது கசாப்புக்காரருக்குத் தெரியாதா? இருந்தாலும் சொன்னார். புட்டியைச் சாய்க்கத்தான் விரல் கேட்கவில்லை.

திரும்பினால், கதவருகே ராவியா. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

கிளாஸைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"என்ன முஅல்லிம், கன்னுக்குட்டியக் கவுக்கிற கை, இதுக்குப் போயா ஆடுது?"

"நீ உள்ள போ. நீ இதப் பாக்கக் கூடாது."

அவள் போகவில்லை. கிளாஸை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள், புட்டியையும். காலி மருந்துச் சீசா ஒன்றில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அதில் எண்ணெயைச் சொட்டுவிட்டு, மூடியை இறுக்கி, பால் நிறம் வரும்வரை குலுக்கினாள். சாப்பாட்டு நேரத்தில் அவர் நூறு தடவை அவளிடம் ஒப்பித்த முறைதான். முதலில் கொஞ்சமாக ஊற்றினாள். குஞ்சுகள் மெதுவாகின, ஒருக்களித்துச் சாய்ந்தன, கிடந்தன. அப்புறம் மிச்சத்தையும் ஊற்றித் தட்டால் மூடினாள்.

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். செவுள் அசைவு நின்றுவிட்டதா என்று அவளேதான் குனிந்து பார்த்தாள். கண்ணை எடுக்காமல், வெகுநேரம் பார்த்தாள்.

அவள் முகத்தில் பயத்தின் சாயலே இல்லை. அதைக் கண்டதும்தான் தசூக்கிக்கு மூச்சு வந்தது. சுமக்கிறவளே இவ்வளவு நிதானமாகச் செய்கிறாள் என்றால், உம்மு வலீத் சொன்னது வெறும் படிக்கட்டுப் பேச்சுதானே. லேசாகச் சிரிப்புகூட வந்தது. முதலிலேயே இவளிடம் கொடுத்திருக்கலாம்.

ராவியா நிமிர்ந்தாள்.

அப்போதுதான் அவர் கவனித்தார். அவள் தலைத்துணியைக் குத்தி, வெளியே போகிற கறுப்பு அங்கி போட்டிருந்தாள். காலில் செருப்பு. தோளில், டாக்டர் சீட்டுகள் வைக்கும் பை.

"காலையிலேர்ந்து வயித்துல அசையல," என்றாள். "வண்டி கூப்பிடு."

அவர் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், கடையில் வேலை முடிந்ததும் செய்கிற பழக்கத்தில், கை கழுவக் குழாய்ப் பக்கம் போனார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எதுக்குக் கழுவுற? உன் கை படவே இல்ல. எல்லாம் செஞ்சது நான். அங்க டாக்டர் என்ன சொன்னாலும் சரி, இத மட்டும் மறக்காத."