கடைசி வகுத்தல்

வேலந்தாவளத்து வெயிலில் தபால்காரர் அலவி சைக்கிளில் இருந்தபடியே ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறார். "வெரசாப் போடுங்க அம்மிணி, பஸ் வந்துரும்." பூவாத்தாள் சிரிக்கிறாள். மூணாறில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழன் லோகநாதனுக்கும் அவளுக்கும் இடையே நாலு வருஷமாக அஞ்சலட்டையில் போய்வருவது 1299709 என்ற எண் மட்டும்தான். அதை எது மீதியில்லாமல் வகுக்கும் என்று, அட்டைக்கு ஒரு வகுத்தலாக இருவரும் மாறி மாறித் தேடுகிறார்கள். அப்பா ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, "வெறுங் கணக்கு" என்று நீட்டிவிடுவார். இன்று அவள் முறை, 1129. இதுவும் வகுக்காவிட்டால் 1299709 பகா எண்தான். அடுத்த பகா எண்ணான 1151இன் வர்க்கமே அதைத் தாண்டிவிடும்; அதற்குமேல் தேட ஒன்றுமில்லை. அலவியின் காக்கிப் பைமேலேயே அட்டையை வைத்துக் கணக்கைப் போடுகிறாள். மீதி 230. பேனா முனை அங்கேயே நிற்கிறது. தூரத்தில் பஸ்ஸின் ஹாரன். மளமளவென்று கீழே எழுதுகிறாள்: "எதற்கும் 1151ஐயும் பார்த்துவிடுங்கள்." தேவையில்லை என்பது அவனுக்கும் தெரியும்.