காவல் கிளி

"கிளியைப் போட்டாச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"போடாம இருப்பேனா? அது இல்லாம நம்ம பிழைப்பு ஓடுமா?" என்றான் டிசைனர், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

அழைப்பிதழ், கண்காட்சி கேட்லாக் என்று வடிவமைத்துக் கொடுக்கிற சின்னக் கடை அவர்களுடையது. வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. எவ்வளவு நன்றாகச் செய்து கொடுத்தாலும் எதையாவது மாற்றச் சொன்னால்தான் அவர்களுக்குச் சாப்பிட்டது செரிக்கும். ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்வார். அவர் மச்சான் வந்து சின்னதாக்கச் சொல்வார். "இந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் சந்தோஷமா இருக்கணும்" என்றுகூட ஒரு மகராசி கேட்டதுண்டு.

அதற்குத்தான் கிளி. ஒருநாள் வெறுத்துப்போய் அவனே கிறுக்கியது. குண்டு உடம்பு, கோணல் மூக்கு, ஆளுக்கொரு பக்கம் பார்க்கிற கண்கள். முதல் மாதிரியில் கண்ணில் குத்துகிற இடமாகப் பார்த்து அதை ஒட்டிவிடுவான். "எல்லாம் சரி, அந்தக் கிளியை மட்டும் தூக்கிடுங்க" என்பார் வந்தவர். குறை சொல்லிவிட்ட நிம்மதியில் மற்றதை எல்லாம் தொடாமல் விட்டுவிடுவார். புருஷனும் பெண்டாட்டியும் அதற்குக் காவல் கிளி என்று பெயர் வைத்திருந்தார்கள். இதுவரை தப்பியதில்லை.

அன்றைக்கு வந்தது ஓர் ஓவியர் அம்மா. தலையெல்லாம் நரைத்த பிறகு முதல்முதலாகக் கண்காட்சி வைக்கிறார். கேட்லாக்கின் அட்டையில் அவருக்கு ரொம்பப் பிடித்த அவருடைய படம். கொடியில் காயும் ஒற்றைச் சட்டை, மீதியெல்லாம் வானம். அந்த வானத்தில்தான் கிளி உட்கார்ந்திருந்தது.

அம்மா முதலில் உள்பக்கங்களைப் புரட்டினார்.

"ரொம்ப அழகா பண்ணியிருக்கீங்க தம்பி. நான் வரைஞ்சதுன்னே நம்ப முடியல."

கடைசியில் அட்டைக்கு வந்தார். கண் கிளியில் போய் நின்றது. டிசைனர் பேனாவோடு தயாரானான்.

"இந்தக் கிளி... நீங்க வரைஞ்சதா தம்பி?"

"ஆமாம்மா. ஏன், நல்லா இல்லையா?"

அம்மா அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கிளியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

"எதாவது மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்கம்மா. கையெழுத்துப் போட்டுட்டா நேரா அச்சுக்குப் போயிடும்."

"எதையும் மாத்த வேணாம்ப்பா."

கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"பார்த்தியா கூத்தை? கிளி பிடிச்சிருக்காம்!" என்று சிரித்தான் டிசைனர். "இந்த ரசனையை வெச்சுக்கிட்டு கண்காட்சி வேற."

மனைவி சிரிக்கவில்லை. "பாவம்ங்க. முதல் கண்காட்சி. வர்றவங்க அட்டையைப் பார்த்தே சிரிப்பாங்க. நீங்களே எடுத்துட்டு அனுப்பிடுங்களேன்."

"இப்ப எடுத்தா, நாளைக்கு 'என் கிளி எங்கே'ன்னு வந்து நிப்பாங்க. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். என்னால முடியலம்மா, விட்டுடு."

உண்மையிலேயே முடியவில்லை. விடிந்தால் கம்ப்யூட்டர் திரை, பொழுது அடைந்தால் அதே திரை. யாருக்காகவும் முடிந்த வேலையை இன்னொரு தடவை திறக்க அவனுக்கு மனசு வரவில்லை. கேட்லாக் கிளியோடே அச்சேறியது.

கண்காட்சிக்கு முந்தின நாள் அவனே கேட்லாக் கட்டுகளைக் கண்காட்சிக் கூடத்தில் கொண்டுபோய் இறக்கினான். ஒரு கட்டை உள்ளே வைத்துவிட்டு, அடுத்ததைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அம்மாவின் மகள் குரல் கேட்டது.

"என்னம்மா இது? உன் வானத்துல எவன் இந்தக் கண்றாவியைக் கொண்டுவந்து வெச்சான்? இதைப் பார்த்துட்டா சரின்னு சொன்னே?"

"கத்தாதே. அந்தத் தம்பி வெளியிலதான் இருக்கார்."

"இருக்கட்டுமே! எத்தனை வருஷம் காத்திருந்தே இதுக்கு! நாளைக்கு எல்லாரும் கையில வெச்சுக்கிட்டுச் சிரிக்கப் போறாங்க. எனக்கு அழுகையே வருது."

டிசைனர் கட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எனக்கும் பார்த்ததும் பகீர்னுதான் இருந்துச்சு. எடுத்துடுங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு." அம்மாவின் குரல் தணிந்தது. "ஊராருக்கெல்லாம் பண்ணிக் குடுத்தே அந்தப் பிள்ளைக்குக் கண்ணு ரெண்டும் பூத்துப்போய்க் கிடக்கு. தனக்குன்னு ஆசைப்பட்டு வரைஞ்சது அந்தக் கிளி ஒண்ணுதான் போலிருக்கு. 'நல்லா இல்லையா'ன்னு வேற கேட்டார். வரைஞ்சவங்ககிட்ட 'இதைத் தூக்கிப் போடு'ன்னு சொன்னா எப்படி வலிக்கும்னு, காலம்பூரா அதையே கேட்டுக்கிட்டிருந்த எனக்குத் தெரியாதாடி?"