கறுப்புக் கோட்டுக்காரர் யார் வீட்டுத் தாத்தா?

“இருநூத்தித் தொண்ணூத்தி ஒம்பது” என்று சொல்லி, நகராட்சி அதிகாரி வருகைப் பதிவேட்டின் கடைசி வரியில் பென்சிலை வைத்தார்.

சங்கச் செயலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு மாதத்தில் முந்நூறு பேராவது வந்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுத்த இரண்டு அறைகளையும் திரும்ப எடுத்துக்கொள்வோம், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்க இடமில்லை என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரே ஆள் பத்துத் தடவை வந்தாலும் கணக்கில் ஒன்றுதான்.

இன்றைக்குத்தான் கடைசி நாள். ஐந்து மணிக்குப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். மணி நாலே முக்கால்.

முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக ஆட்களை ஏற்றி இறக்கிய மனிதர் செயலாளர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்தச் சங்கமே கதி என்று கிடந்தார். பழைய மைல்கல், ஊரின் முதல் தபால்பெட்டி, நாக்கில்லாத தீயணைப்பு மணி என்று ஒவ்வொன்றாகச் சுமந்து கொண்டுவந்து வைத்தார். பார்க்கத்தான் நாதியில்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள்கூட வாசலோடு நின்றுகொண்டார்கள்.

கடிதம் வந்த மறுநாள்தான் அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினார்.

கறுப்புக் கோட்டு. முறுக்கிய மீசை. சீப்புக்கு அடங்காத முடி. முக்காலியில் ஒரு பூச்சாடி, அதன் மேல் ஒரு கை. கீழே ‘இவர் யார்? தெரிந்தவர்கள் எழுதவும்’ என்று ஓர் அட்டை, நூலில் கட்டிய ஒரு பேனா. அவ்வளவுதான்.

ஊர் இரண்டுபட்டது. இரண்டென்ன, மூன்று!

முதலில் மளிகைக்கடைக்காரர் வந்தார். காதைப் பார்த்தார். சந்தேகமே இல்லை, எங்கள் கொள்ளுத்தாத்தா காதுதான் என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் பல் டாக்டர் வந்து, காதை விடுங்கள், தாடையைப் பாருங்கள், எங்கள் பரம்பரைத் தாடை என்றார்.

தலைமையாசிரியைக்கு வந்ததே கோபம். நிற்கிற தோரணை ஒன்று போதாதா, எங்கள் வீட்டு ஆள் என்று சொல்ல? சத்தியம் பண்ணாத குறை.

அப்புறமென்ன? மூன்று வீட்டிலிருந்தும் மாமன், மச்சான், சம்பந்தி என்று வண்டி கட்டிக்கொண்டு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மற்ற வீட்டுக்காரர்களைப் போட்டோவோடு தனியாக விட்டுவைக்க எந்த வீட்டுக்கும் மனசில்லை. வந்ததுதான் வந்தோம் என்று மைல்கல்லையும் பார்த்தார்கள். தபால்பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். செயலாளருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஆனால் சொந்தபந்தத்துக்கும் ஓர் எல்லை உண்டே. தொட்டில் குழந்தையின் கைரேகை வரை வந்தாகிவிட்டது. இனி அந்த வீடுகளில் ஆள் பாக்கியில்லை. மூன்று பேரும் இப்போது போட்டோவின் முன்னால் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் ஏற்கெனவே கணக்கில் ஏறியவர்கள்.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க தலையில வெளிச்சம் அடிச்சு அவர் மொகமே தெரியல” என்றார் பல் டாக்டர்.

செயலாளர் வழுக்கையைத் தடவிக்கொண்டு தள்ளி நின்றார். ஓர் ஆள். ஒரே ஓர் ஆள். தெருவில் போகிற யாரையாவது கையைப் பிடித்து இழுத்துவந்துவிடலாம் என்று வாசலுக்கு ஓடினார்.

வாசலில் அவருடைய மனைவி நின்றிருந்தாள்.

அவர் மறந்துவிட்டு வந்த மாத்திரையைக் கொடுக்க வந்தவள். உங்கள் ஓட்டை உடைசலைப் பார்க்க நான் எதற்கு என்று ஆறு வருஷமாக இந்தப் படியை மிதிக்காதவள்.

உலகத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்க, இவளா வர வேண்டும்! மாத்திரையை வாங்கிக்கொண்டு அப்படியே அனுப்பிவிடப் பார்த்தார். அதற்குள் அதிகாரி எழுந்தே வந்துவிட்டார். அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும்.

“வாங்கம்மா, வாங்க! நீங்கதான் முந்நூறாவது ஆள். சுத்திப் பார்த்துட்டு ஒரு கையெழுத்தைப் போடுங்க.”

தலைமையாசிரியை அவளை நேரே போட்டோவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மூன்று பேரும் நியாயம் கேட்கிறவர்கள் போல அவள் வாயைப் பார்த்தார்கள்.

அவள் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு திரும்பி, செயலாளரை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அளந்தாள்.

செயலாளர் தரையைப் பார்த்தார். இவள் வாயைத் திறந்தால் தீர்ந்தது. ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அதிகாரி பதிவேட்டைக் கிழித்துப் போடுவார். மைல்கல் நாளைக்கே தெருவுக்குப் போய்விடும்.

அவள் நூலில் கட்டிய பேனாவை எடுத்து, அட்டையில் நாலாவதாக எழுதினாள்: ‘எங்கள் வீட்டைச் சேர்ந்தவர்.’

“இதென்னடா அநியாயம்!” என்று மளிகைக்கடைக்காரர் தலையில் கை வைத்தார். பல் டாக்டர் தாடையைக் காட்டி ஆதாரம் கேட்டார். அந்தக் கூச்சலுக்கு நடுவிலேயே அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி ‘300’ என்று எழுதி வட்டம் போட்டார்.

அவள் செயலாளரின் உள்ளங்கையில் மாத்திரையை வைத்து அழுத்தினாள். யாருக்கும் கேட்காதபடி அவர் காதோரம் குனிந்தாள்.

“பொண்ணு கேட்டு எங்க வீட்டுக்கு அனுப்புன படமுங்க இது. இந்த முடியையும் மீசையையும் நம்பித்தான் அன்னிக்குத் தலையை ஆட்டுனேன். நாளைக்கே கழட்டிக் கொண்டாந்து என் பெட்டியில வச்சிடுங்க, சொல்லிட்டேன்.”